குடியரசும் ஜனநாயகமும் ஒன்றுதானா? வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் கொடியேற்றுபவர் முதலமைச்சர். ஜனவரி 26 அன்று காமராஜர் சாலையில் கொடியேற்றுபவர் ஆளுநர். டெல்லியிலும் இதே கணக்குதான், சுதந்திர தினத்துக்குச் செங்கோட்டையில் பிரதமர், குடியரசு தினத்துக்குக் குடியரசுத் தலைவர். எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டில் இந்த வம்பே கிடையாது. இரண்டு நாளும் அதே இரும்புக் குழாய், அதே கொடி, மடிப்புக்குள் அதே சாமந்தியும் ரோஜா இதழும், கயிற்றை இழுப்பவர் ஸ்டாண்டில் வயதில் மூத்த அண்ணன், அப்புறம் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். "ஆகஸ்ட்ல சுதந்திரம் வந்துச்சு, ஜனவரில என்னண்ணா வந்துச்சு?" என்று பள்ளிக்கூடப் பையன் எவனாவது கேட்டால், "குடியரசு" என்று பதில் வரும். "அப்படின்னா?" என்று விடாமல் கேட்டால், "ஜனநாயகம்பா, நாம ஓட்டு போடறோம்ல, அதான்" என்று முடித்துவிடுவார்கள்.

குழப்பம் அந்தப் பதிலில்தான் ஆரம்பிக்கிறது. ஓட்டுப் போடுவது ஜனநாயகம். ஜனவரி 26-ல் வந்தது வேறொன்று. பாடப் புத்தகத்தில் 'ஜனநாயகக் குடியரசு' என்று இரண்டையும் சேர்த்தே படித்துப் படித்து, இட்லியும் சட்னியும் மாதிரி பிரிக்க முடியாதவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் உலகத்தில் பல நாடுகளில் ஒன்று இருக்கிறது, இன்னொன்று இல்லை.

இரண்டும் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். முதல் கேள்வி: நாட்டின் உச்சியில் இருக்கும் நாற்காலி யாருடையது? ஒரு குடும்பத்துச் சொத்தாக அப்பாவுக்கு அப்புறம் பிள்ளைக்குப் போகிறதா, இல்லை எந்தக் குடும்பத்துக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்தா? பொது என்றால் அது குடியரசு. இரண்டாவது கேள்வி: நாட்டை நடத்தும் முடிவுகளை எடுப்பவர்களை மக்கள் தேர்ந்தெடுக்க முடியுமா, பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியுமா? முடியும் என்றால் அது ஜனநாயகம்.

வடசென்னையில் சந்துக்குச் சந்து கேரம் கிளப் உண்டு, அதை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு கிளப்பில் போர்டு, அறை, மேலே தொங்கும் பல்பு எல்லாமே ஆரம்பித்த தாத்தாவுக்குச் சொந்தம். அவருக்குப் பின் மகன் தலைவர், மகனுக்குப் பின் பேரன் தலைவர், இதை யாரும் கேட்க முடியாது. ஆனால் சந்தா எவ்வளவு, போட்டி எந்த ஞாயிற்றுக்கிழமை, மாவட்டப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் உறுப்பினர்கள் கூடிக் கை தூக்கி முடிவு செய்கிறார்கள். பேரன் ஆண்டு விழாவுக்கு வருவார், மாலை போட்டுக்கொள்வார், கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே ஜனநாயகம் இருக்கிறது, குடியரசு இல்லை. பக்கத்துச் சந்தில் இன்னொரு கிளப். எல்லாரும் காசு போட்டு வாங்கிய போர்டு, எந்தக் குடும்பத்துக்கும் பாத்தியதை இல்லை, பதிவு செய்த விதிப் புத்தகம்கூட இருக்கிறது. ஆனால் செயலாளர் பதவியில் ஒரே ஆள் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் போடுவதே இல்லை, கணக்குக் கேட்டால் "நாளையிலருந்து வராத" என்கிறார். இது குடியரசு, ஜனநாயகம் மட்டும் காணோம்.

முதல் கிளப்தான் பிரிட்டன். மூன்றாம் சார்லஸ் அரசர், அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, ஆனால் ஆட்சியை நடத்துவது தேர்தலில் ஜெயித்த பிரதமர். ஜப்பான், சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து, ஸ்பெயின் எல்லாம் இந்த வரிசைதான், இவற்றில் எதையும் ஜனநாயகம் இல்லாத நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அந்த லண்டன் அரசரையே இன்னும் தங்கள் அரசராக வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1999-ல் குடியரசாக மாறலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள். ஜனநாயக முறைப்படி ஓட்டுப் போட்டு அரசரை வைத்துக்கொண்ட நாடு அது.

இரண்டாவது கிளப்புக்குச் சீனா. அரசர் கிடையாது, பரம்பரை கிடையாது, பெயரிலேயே மக்கள் குடியரசு. ஆளும் கட்சியை ஓட்டுப் போட்டு இறக்க மட்டும் வழியில்லை. வட கொரியா ஒரு படி மேலே. பெயரில் 'ஜனநாயக', 'மக்கள்', 'குடியரசு' என்று மூன்றும் இருக்கின்றன, தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஆண்டாகிவிட்டது. இரண்டு கேள்வியிலும் தோற்று, பெயர்ப்பலகையில் மட்டும் ஜெயித்த நாடு. சவூதி அரேபியா அந்தப் பலகைகூட வைத்துக்கொள்ளவில்லை, நேரடியாக மன்னராட்சி என்றே சொல்லிவிடுகிறது, அந்த நேர்மைக்காவது ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

சரி, நம் கதைக்கு வருவோம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருக்கிறது.

1947-க்கும் 1952-க்கும் நடுவில்

1947 ஆகஸ்ட் 15-ல் வெள்ளைக்காரன் போய்விட்டான் என்றுதான் நினைக்கிறோம். அதிகாரம் கைமாறியது உண்மை. ஆனால் அன்றைக்கு இந்தியா ஒரு டொமினியன், அதாவது தன்னாட்சி பெற்றிருந்தும் அதன் அரசர் லண்டனில் இருந்த ஆறாம் ஜார்ஜ்தான். அவர் சார்பாக இங்கே கவர்னர் ஜெனரல் இருந்தார், முதலில் மவுண்ட்பேட்டன், 1948 ஜூனிலிருந்து நம்ம ராஜாஜி. பீச் ஸ்டேஷன் வாசலில் துறைமுகத்தை ஒட்டி ஓடுகிறதே ராஜாஜி சாலை, அந்த ராஜாஜிதான். அந்தப் பதவியில் உட்கார்ந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவரே. புழக்கத்தில் இருந்த காசிலும் அரசரின் தலைதான், அசோகத் தூணின் சிங்கங்கள் காசில் ஏறியது 1950-ல். சொந்தப் பிரதமர், சொந்த அமைச்சரவை, சொந்தப் படை எல்லாம் இருந்தும் உச்சி நாற்காலி மட்டும் இன்னொரு குடும்பத்தின் பெயரில் பட்டா போட்டுக் கிடந்தது.

1949 நவம்பர் 26-ல் அரசியல் நிர்ணய சபை அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. முழுதாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள், காரணம் 1930-ல் அதே தேதியில்தான் காங்கிரஸ் முழுச் சுதந்திர நாளைக் கொண்டாடியது, அந்த நாளுக்கு ஒரு மரியாதை. அன்று காலை 10 மணி 18 நிமிடத்துக்கு ராஜாஜி பிரகடனத்தை வாசித்தார், இந்தியா குடியரசானது, சில நிமிடங்களில் ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஜனவரி 26-ல் வந்தது இதுதான். நாற்காலி நம் பெயருக்கு மாறியது.

இப்போது கவனியுங்கள், அந்த நாள் வரைக்கும் இந்தியாவில் எல்லாரும் ஓட்டுப் போட்ட ஒரு தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. சாசனத்தை எழுதிய சபையே 1946-ல் மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது, அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்த கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம் என்று புரிய வேண்டுமானால் பெரம்பூர் மில் பக்கம் பாருங்கள். 1918-லேயே பின்னி மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். இரண்டு வருஷம் கழித்து 1920-ல் சென்னை மாகாணத்துக்குத் தேர்தல் நடந்து நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, அந்த மில்லில் நூல் சுற்றியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. தேர்தல் இருந்தது, அமைச்சர்கள் இருந்தார்கள், மேலே அரசர் இருந்தார், கீழே நம்ம ஆட்களுக்கு இடமில்லை.

எல்லாருக்கும் ஓட்டு வந்தது 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்த முதல் பொதுத் தேர்தலில்தான். 21 வயதானால் போதும், சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம், சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அதுதான் நம் ஓட்டு. ஆக வரிசை இப்படி: 1947-ல் சுதந்திரம், 1950-ல் குடியரசு, 1952-ல் முழு ஜனநாயகம். மூன்றும் ஒரே ராத்திரியில் வரவில்லை.

அந்த முதல் தேர்தலிலேயே சென்னை மாகாணம் ஒரு வேடிக்கையும் காட்டியது. 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 தான், பெரும்பான்மை இல்லை. கடைசியில் முதலமைச்சரானவர் தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜி, ஆளுநர் அவரை மேலவைக்கு நியமனம் செய்து உள்ளே கொண்டுவந்தார். குடியரசைப் பிரகடனம் செய்தவர் ஜனநாயகத்தின் பின்வாசல் வழியாக வந்தார் என்று இன்றைக்கும் பேச்சு உண்டு, எனக்கும் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

உத்திரமேரூர் கல்வெட்டை வைத்து ஒரு சோதனை

"ஜனநாயகமெல்லாம் நாம ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பார்த்தது" என்று ஒரு பெருமை நமக்கு உண்டு, அதற்குச் சாட்சி உத்திரமேரூர். காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரின் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, பொது ஆண்டு 920-ஐ ஒட்டியவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுதான் குடவோலை. வயது 35-லிருந்து 70-க்குள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில், இருந்தவர் மறுபடி வர முடியாது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தே இல்லை. இந்தக் கடைசி விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை வேட்புமனு தேறும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இப்போது நம் இரண்டு கேள்விகளையும் இதில் வைத்துப் பாருங்கள். முதல் கேள்வி, உச்சி நாற்காலி யாருடையது? சோழ அரச குடும்பத்துடையது, சந்தேகமே இல்லை. ஆக குடியரசு இல்லை. இரண்டாவது, முடிவெடுப்பவர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்களா? ஊர் அளவில் ஒரு நல்ல முறை இருந்தது, ஆனால் அது ஓட்டு எண்ணிக்கை இல்லை, சீட்டுக் குலுக்கல். அதில் பெயர் வரவே வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், ஏனென்றால் அது பிராமண ஊரின் சபை. நிலத்தில் இறங்கி உழுதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது, பெண்களுக்கும் கிடையாது. பெருமைப்பட வேண்டியது எது என்றால் கணக்குக் கேட்கும் ஒழுங்கும், ஒரே ஆள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்ட தந்திரமும். மற்றதை ஜனநாயகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் வடக்கே, புத்தர் காலத்து வைசாலியில் லிச்சவிகள். ஒற்றை ராஜா கிடையாது, குலத்துப் பெரியவர்கள் சபை கூடிப் பேசி ஆண்டார்கள், ஆனால் அந்தக் குலத்தில் பிறக்காதவர்களுக்குச் சபையில் இடமில்லை. குடியரசின் சாயல் உண்டு, ஜனநாயகம் கிடையாது. இத்தாலியின் வெனிஸும் இப்படித்தான், அரசர் இல்லாமல் பல நூற்றாண்டு ஓடி 1797-ல் முடிந்தது, அதிகாரமெல்லாம் பட்டியலில் பெயர் இருந்த பணக்காரக் குடும்பங்களிடம். பழைய ஏதென்ஸில் குடிமக்கள் குன்றின் மேல் நேரில் கூடிக் கை தூக்கிச் சட்டம் போட்டார்கள், பிரதிநிதி என்ற இடைத்தரகரே கிடையாது, அடிமைகளும் பெண்களும் வெளியே.

அமெரிக்கக்காரர்கள் வேறொன்று சொல்கிறார்களே?

இணையத்தில் கொஞ்சம் மேய்ந்தால் ஒரு வாதம் கண்ணில் படும்: "ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை வைத்ததே சட்டம், குடியரசு என்றால் பெரும்பான்மையையும் கட்டுப்படுத்தும் சாசனம். அமெரிக்கா குடியரசு, ஜனநாயகம் அல்ல." இதைத் தமிழில் மொழிபெயர்த்து நம் ஆட்களும் சுற்றில் விடுகிறார்கள். இதன் வேர் 1787. அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவு திரட்டி எழுதிய கட்டுரை ஒன்றில் ஜேம்ஸ் மாடிசன், மக்கள் நேரில் கூடி ஆள்வதை ஜனநாயகம் என்றும், பிரதிநிதிகளை அனுப்பி ஆள்வதைக் குடியரசு என்றும் பிரித்தார். அவர் மனதில் இருந்தது ஏதென்ஸ் மாதிரியான நேரடிச் சபை. இன்றைக்கு நாம் ஜனநாயகம் என்று சொல்வதே பிரதிநிதிகளை அனுப்புவதைத்தான், அதனால் மாடிசன் கணக்கில் நம்முடையது குடியரசு, நம் கணக்கில் அது ஜனநாயகம். அவர் பிரித்ததை அவர் காலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், 2020-களில் சென்னையில் உட்கார்ந்து அதை அப்படியே ஒப்பிப்பதில் பிரயோஜனம் இல்லை.

பெரும்பான்மைக்குக் கடிவாளம் என்ற விஷயம் முக்கியமானது, ஆனால் அது மூன்றாவது ஒன்று. எழுதிவைத்த சாசனமும் அதைக் காக்கும் நீதிமன்றமும் சேர்ந்து செய்யும் வேலை. அரசர் இருக்கும் நாட்டிலும் அது இருக்கலாம், குடியரசில் இல்லாமலும் போகலாம். இலங்கையைப் பாருங்கள். 1948-லிருந்து டொமினியனாக இருந்த நாடு 1972 மே 22-ல் குடியரசானது. பிரிட்டிஷ் அரசியின் பெயர் போனது நல்லதுதான், ஆனால் அதே புதிய சாசனத்தில் பழைய சாசனத்தின் 29-ம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பும் போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது, சிங்களம் ஆட்சிமொழி என்பது சாசனத்துக்குள்ளேயே ஏறியது. குடியரசானதால் அங்கே தமிழர்களைக் காக்கும் கடிவாளம் கூடவில்லை, இருந்ததும் அறுந்தது. குடியரசு என்றாலே சிறுபான்மைக்குக் காவல் என்று சொல்பவர்கள் இந்த ஒரு உதாரணத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

கடிவாளம் எப்போதும் எளியவர் பக்கம்தான் இழுக்கும் என்றும் சொல்ல முடியாது. அதற்கு நம்ம ஊரே சாட்சி. சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. என்ற வகுப்புவாரி ஆணை இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்கள் என்று அப்போது எழுதப்பட்ட பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. குடியரசு பிறந்த அதே 1950-ல் செண்பகம் துரைராஜன் என்பவர் இது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். 1951-ல் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. சாசனப்படி நீதிமன்றம் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படிக்க வழியில்லாமல் கிடந்தவர்களுக்குத் திறந்த ஒரே கதவும் மூடியது. பெரியார் தெருவில் இறங்கினார், மாகாணம் முழுக்கக் கிளர்ச்சி. அந்த வருஷம் ஜூனிலேயே முதல் சட்டத் திருத்தம் வந்து 15-ம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது, இன்றைய இட ஒதுக்கீட்டுக்கு அது ஒரு முக்கியமான தூண்.

இதில் நாடகத்தைக் கவனித்தீர்களா? மக்கள் கேட்டார்கள், நீதிமன்றம் சாசனத்தைக் காட்டித் தடுத்தது, மக்கள் கேட்டதை வைத்துச் சாசனமே மாறியது. அதை மாற்றிய பாராளுமன்றம் இன்னும் எல்லாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது இல்லை, அது 1952-ல்தான் வரப்போகிறது. தேர்தல் வருவதற்கு முன்னாலேயே தெரு ஜனநாயகம் வேலை செய்திருக்கிறது. சாசனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாமா என்ற சண்டை அப்புறம் பெரிதாகி, 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, மாற்றலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது என்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பானது. நாடு குடியரசாக இருப்பதையும் ஜனநாயகமாக இருப்பதையும் அந்தக் கட்டமைப்பில் சேர்த்தே நீதிபதிகள் எழுதினார்கள், அதாவது பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால்கூட இந்தியாவுக்கு ஒரு ராஜாவை வைக்க முடியாது.

கவுன்சிலர் இல்லாத ஐந்து வருஷம்

குடியரசு அப்படியே நிற்க, ஜனநாயகம் மட்டும் காணாமல் போவது எப்படி இருக்கும்? பெரிய உதாரணம் நெருக்கடிநிலை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை எந்த ராஜாவும் வரவில்லை, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாம் நடந்தது, 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் ஆட்சி கலைந்தது, சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறை நிரம்பியது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

நான் சொல்ல நினைத்தது சின்ன உதாரணம், நாம் எல்லாரும் வாழ்ந்து பார்த்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு என்று இழுத்து இழுத்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் 200 வார்டிலும் ஒரு கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை, ரிப்பன் மாளிகையில் தனி அதிகாரி. ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 74-வது திருத்தம் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது, எழுத்து எழுத்தாக இருந்தது.

அந்த இடைவெளியில் என்னென்ன வந்தது என்று பாருங்கள். 2019-ல் புழல் ஏரி வறண்டு, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடங்கள் தெரு நீளத்துக்கு வரிசை கட்டி நின்றன. 2020-ல் கொரோனா, ராயபுரம் மண்டலம் சில வாரங்கள் நகரத்திலேயே அதிகத் தொற்றோடு பட்டியலின் மேலே நின்றது, தகரம் அடித்துத் தெருக்களை மூடினார்கள். 2021 நவம்பரில் வெள்ளம். அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, துப்புரவுத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஆனால் எந்தத் தெருவுக்கு லாரி முதலில் வரும் என்று முடிவு செய்தவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டவும் முடியாது. கவுன்சிலர் இருந்தால் என்ன கிழித்துவிடுவார் என்று கேட்பவர்கள் உண்டு. எதுவும் கிழிக்காமலும் போகலாம், ஆனால் விடிகாலையில் அவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு போய் நிற்கலாம். அந்த வாசல்தான் ஐந்து வருஷம் இல்லாமல் போனது. அந்த நாட்களிலும் ஜனவரி 26 தவறாமல் வந்தது, குடியரசுக்கு ஒரு கீறலும் இல்லை.

2022-ல் தேர்தல் முடிந்து மார்ச் 4-ம் தேதி மேயரானவர் திரு.வி.க. நகர்ப் பக்கத்து 74-வது வார்டில் ஜெயித்த பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அந்த வருஷமே நகரங்களுக்கும் வார்டுக் குழு, பகுதி சபை என்று விதிகள் வந்தன. கிராம சபை மாதிரி, தெருக்காரர்களே உட்கார்ந்து பேசும் இடம். ஏதென்ஸ் குன்றுக்கு நம்மிடம் இருக்கும் நெருங்கிய சொந்தம் அதுதான், கூட்டம் ஒழுங்காக நடக்கும் இடத்தில்.

மிச்சமிருக்கும் சில சந்தேகங்கள்

"அப்பாவுக்கு அப்புறம் பிள்ளை எம்எல்ஏ ஆகிறாரே, இது குடியரசா?" என்று கட்டாயம் கேட்பீர்கள். சட்டப்படி குடியரசுதான், பிள்ளையும் ஓட்டு வாங்கியே ஆக வேண்டும், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும், இளவரசருக்கு அந்தத் தொல்லை கிடையாது. மனசுப்படி கேட்டால் பதில் வேறு. அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் பாதை என்று 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில் அந்தப் பேச்சுக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆளுநர் விஷயமும் இரண்டு கேள்வியில் அடங்கிவிடும். பரம்பரையாக வருவதில்லை, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், அதனால் முதல் கேள்வியில் தேறுகிறார். யாரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை, அதனால் இரண்டாவதில் தேறவில்லை. ஆட்டுக்குத் தாடியும் நாட்டுக்குக் கவர்னரும் எதற்கு என்று அண்ணா கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். 1974-க்கு முன்பு மாநிலங்களில் ஆகஸ்ட் 15 அன்றும் ஆளுநரே கொடியேற்றிக்கொண்டிருந்தார். செங்கோட்டையில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது என்று கருணாநிதி இந்திரா காந்திக்கு எழுதிக் கேட்டுத்தான், இந்தியாவின் எல்லா முதலமைச்சர்களுக்கும் அந்தக் கயிறு கிடைத்தது.

கடைசியாக, குடியரசுத் தலைவருக்கு நாம் ஏன் நேரில் ஓட்டுப் போடுவதில்லை? நம் சார்பாக எம்பிக்களும் எம்எல்ஏக்களும் போடுகிறார்கள், ஆனால் எல்லா எம்எல்ஏ ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டசபை இடங்களால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 35 வயதான, மக்களவைக்கு நிற்கத் தகுதியுள்ள எந்தக் குடிமகனும் குடிமகளும் நிற்கலாம். 2002-ல் நின்ற இருவருமே நமக்கு வேண்டியவர்கள், குரோம்பேட்டை எம்ஐடியில் படித்த ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், சென்ட்ரல் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் படித்த நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி. கலாம் ஜெயித்தார். எம்எல்ஏ ஓட்டின் எடைக் கணக்குக்கு இன்றும் 1971 மக்கள்தொகையைத்தான் எடுக்கிறார்கள், குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதால். தமிழ்நாட்டுக்கு அன்றைய சுமார் 4 கோடியே 12 லட்சத்தை 234-ஆல் வகுத்தால், ஒரு எம்எல்ஏவுக்கு 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளியாகும்வரை ராயபுரம் எம்எல்ஏவின் ஓட்டு 176 தான்.